மூன்றாவது ஜன்னல்

ஊர் வைத்த பேர் கோட்டை பங்களா.
தகரக் கூரை, இரண்டு புகைபோக்கி,
கிழக்கு மூலையில் வட்டமாய் ஒரு கோபுரம்;
கோபுரத்துக்குள் ஒரு கக்கூஸ்,
அதன்மேல் எலிக்குடும்பம்.
யாரும் இங்கே முற்றுகை போட்டதில்லை,
காட்டெருமைகளைத் தவிர.
கோத்தகிரி ரோட்டில் தேயிலை நட்ட எவனோ ஒரு துரை
குளிரைப் பார்த்ததும் தன் ஊரென்று நினைத்துவிட்டான்.

ஒரு படத்தில் இது ஜமீன் அரண்மனை.
ஒன்றில் சுவிட்சர்லாந்து.
ஒன்றில் வில்லன் வீடு.
ஹீரோ ஆவேசமாய்ப் படியேறுவார்,
ஏழாவது படியில் கட் சொல்வார்கள்.
எட்டாவது படி சென்னையில் இருக்கிறது.
இங்கே உள்ள எட்டாவது படியையும்
அதற்கு மேலே பன்னிரண்டையும்
தினமும் கூட்டுகிறவள் நான்.

இதுவரை ஏழு கொலை, இரண்டு கல்யாணம், ஒரு தீ.
தீயை அணைத்ததாக டைட்டிலில் யார்யாரோ பெயர்.
கரிபிடித்த சுவரை மூன்று நாள்
சோடா உப்பு போட்டுத் தேய்த்தது
எந்த ரீலிலும் இல்லை.

பேய்ப்படக்காரர்கள் வந்தபோது
கூரை விளிம்பெல்லாம் தெர்மாகோல் கருங்கல் அடுக்கினார்கள்,
அம்பெய்ய இடைவெளி விட்டு.
அப்புறம் மூட்டம் வேண்டுமென்று
மெஷினில் புகை விட்டார்கள்.
புகை பிடிக்கத் தொடங்கிய நேரம்
பள்ளத்திலிருந்து நிஜ மூட்டம் ஏறி வந்து
கோட்டை, கேமரா, டைரக்டர் எல்லாவற்றையும் மூடியது.
"இதை யாராவது நிறுத்துங்களேன்யா!"
என்று உள்ளேயிருந்து ஒரு குரல் மட்டும்.

பேயாக வரவேண்டிய பெண்ணுக்குக் காய்ச்சல்.
மேனேஜர் சந்தனபாண்டி என்னைப் பார்த்தார்.
"யோகமலர், சும்மா நின்னாப் போதும்.
மூணாவது ஜன்னல். அறுநூறு."
வெள்ளைச் சேலை, முகத்தில் மாவு.
நின்றேன்.
சும்மா நிற்பது அவ்வளவு சுலபமில்லை.
பழக்கதோஷத்தில் கண்ணாடியில் ஒரு கறையைத்
துடைக்கப் போய்விட்டது கை.
"அதுதான்! அந்தக் கையை அப்படியே மெதுவா!"
கீழேயிருந்து கத்தினார் டைரக்டர்.

தீபாவளிக்கு டிவியில் போட்டான்.
லயத்தில் பெரிய டிவி ஒரே வீட்டில்;
பதினேழு பேர், ஒரு கம்பளி.
அந்த ஜன்னல் வந்தது.
அந்தக் கை கண்ணாடியில் ஊர்ந்தது.
வயலின் கிழிந்தது.
என் டிலானி வீறிட்டு,
என்னைப் பார்த்துப் பயந்து
என் மடியிலேயே முகம் புதைத்தாள்.
"அம்மா, அது போயிடுச்சா?"
போயிடுச்சு என்றேன்.
மாவு வாசம் இன்னும் என் மோவாயில் இருப்பதுபோல்
முந்தானையால் துடைத்துக்கொண்டேன்.

இப்போது சீசனுக்குச் சீசன் வேன் வேனாய் வருகிறார்கள்.
கேட்டில் மக்காச்சோளம் சுடுகிற பெள்ளி
அவனாகவே ஒரு கதை கட்டியிருக்கிறான்:
கல்யாணத்தன்றே செத்த வெள்ளைக்காரியாம்,
பெயர் மார்கரெட்டாம்.
சோளத்துக்கு முப்பது, கதை இலவசம்.
போன செவ்வாய் நான் மூன்றாவது ஜன்னலைத் துடைக்கிறேன்,
கீழே ஒரு பையன் போனைப் போட்டுவிட்டு ஓடினான்.
திரை உடைந்ததற்கு அவன் அப்பா
பெள்ளியிடம் சண்டை பிடித்தார்.

செய்தி கோவையில் இருக்கும் முதலாளிக்குப் போயிற்று.
அவருக்குச் சந்தோஷம்.
ஞாயிற்றுக்கிழமைகளில் நாலிலிருந்து ஐந்து வரை
அங்கே நிற்கச் சொல்கிறார்.
"எப்படியும் அதைத் துடைக்கத்தானே போறே."

கூட்டுவதற்குத் தருகிற சம்பளம் கூட்டுவதற்கு, ஐயா.
பேய்க்கு ரேட் அறுநூறு.
சேலையும் மாவும் உங்கள் செலவு.
மூட்டம் வராத நாளில் வெயிலில் நிற்கமாட்டேன்,
மார்கரெட்டுக்கு அது ஆகாது.

யோசித்துச் சொல்கிறாராம்.

கோட்டையைப் பிரித்த அன்று
எட்டுக் கருங்கல்லை ஒரே கையில் தூக்கிக்கொண்டு
சரிவில் இறங்கி வந்தேன்.
லயத்தின் பின்புறம் அதில்தான்
கோழிக்கு ஒரு கோபுரம்.
காற்றடிக்கிற ராத்திரிகளில் மட்டும்
எழுந்துபோய், மேலே
ஒரு நிஜக் கல்லை வைத்துவிட்டு வருகிறேன்.